கடைசியாகக் கொடுத்த பேர்

“மூணு நாளாக் காய்ச்சல்ல கெடக்குற பிள்ளை. இன்னைக்குத்தான் சொல்லத் தோணுச்சா? அந்த அப்பன்காரனை நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கிறேன்!”

மருந்துப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு கத்தினார் தோட்டத்து டிஸ்பென்சர் மத்தேயு. தர்மலிங்கக் கங்காணி குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

இலங்கையின் ஊவா மலையெங்கும் விஷக்காய்ச்சல் வந்து, தோட்டத்து ஆட்களான எங்கள் வீடுகளில் ஆள் குறைந்துபோன 1918 அது. லுணுகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எழுநூறு பேருக்கு வைத்தியம் பார்க்க மத்தேயு ஒருவர்தான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், நோயாளி வீட்டார் வரிசையில் நின்று கங்காணியிடம் பேர் கொடுக்க வேண்டும். கொடுத்த வரிசைப்படிதான் வைத்தியம். துரைக்கு வேண்டியவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது என்று மத்தேயு போட்ட சட்டம் அது.

இருட்டோடு கிளம்பினால் வீடு உறங்கிய பிறகுதான் திரும்புவார். மூன்று நாளாக மனைவி வாசலை மறித்து, “ஒரு நிமிசம் நில்லுங்க” என்றாள். மூன்று நாளும், “வந்து பேசிக்கலாம்” என்று இறங்கிவிட்டார். பண்டாரவளையில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். அதைத் தவிர அவளுக்கு வேறென்ன பேச்சு? இன்று வாசலில் ஆளையே காணோம். ஊரே சாகக் கிடக்கிறது, இவளுக்குக் கோபம்!

“அப்பன் குடிச்சிட்டுக் கெடக்கானா?”

“குடிக்கிற ஆள் இல்லைங்க ஐயா. வேலை, வேலைன்னு ஓடுறவரு. வீட்டைத் திரும்பிப் பாக்க நேரமில்லை.”

“நாலு வயசுப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, அவனுக்கு என்னய்யா அப்படிப் பெரிய வேலை? காலையிலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அந்தம்மா வந்து வரிசையில கடைசியா நின்னுச்சுங்க. முன்னுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். ‘சட்டம்னா எல்லாருக்கும்தான், முறை வரும்போது சொன்னாப் போதும்’னுட்டுப் போயிருச்சு.”

“நல்ல பொம்பளை. அவன்தான் மனுசனில்லை.”

பாதை பிரியும் இடம் வந்தது. மத்தேயு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இருந்த பள்ளத்துப் பக்கம் வேகமாக இறங்கினார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தார். கங்காணி மேட்டுப் பாதையில் அசையாமல் நின்றிருந்தார்.

“என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? எந்த லயம்னு சொல்லு!”

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“லயம் இல்லைங்க ஐயா. உங்க வீடு.”