வால்வெள்ளிக்கு அஞ்சியவர்கள்

"கண் படைத்தோரே, வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை! வானம் தன் பேரழகையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்த் தாய்மார்களோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!"

ஒலிபெருக்கியில் நந்தகோபாலின் குரல் கரிசல்வெளி எங்கும் முழங்கியது. கோவில்பட்டியில் அவர் ஏறாத மேடை இல்லை. சோதிடத்தையும் சகுனத்தையும் மேடை மேடையாகத் தோலுரித்தவர். தொண்ணூற்றேழாம் ஆண்டுப் பங்குனியில் வால்வெள்ளி ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியத் தொடங்கியது. 'பிள்ளைத்தாய்ச்சி பார்த்தால் கரு கலையும்' என்று கூடவே ஒரு புரளியும் கிளம்பியது. அதை முறியடிக்கத் தொலைநோக்கியோடு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். இன்று நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்.

காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிய வெற்றுக்காடு. நடுவில் தொலைநோக்கி, பக்கத்துக் கம்பத்தில் ஜெனரேட்டர் போட்டு எரியும் குழல்விளக்கு. மேற்கே அந்திச் சிவப்பு வடிந்த இடத்தில், வெண்ணிற வாலை விசிறிபோல் மேலே விரித்து நின்றது வால்வெள்ளி. கறுத்த மண்ணும் கறுத்த வானும் ஒட்டிக்கொள்ளும் கோட்டுக்குச் சற்று மேலே அது நின்ற அழகில், பேச்சையே தொழிலாகக் கொண்டவரும் ஒரு கணம் மைக்கை மறந்து அண்ணாந்தார்.

ஊர் ஆண்கள் பாய் விரித்து அமர்ந்து, ஒவ்வொருவராய்த் தொலைநோக்கியில் கண் வைத்து வியந்தார்கள். பெண்கள் மட்டும் வேலிக்கருவை ஓரத்தில், கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்கள். நந்தகோபால் மைக்கை வைத்துவிட்டு அவர்களை நோக்கி நேரே நடந்தார்.

"ஏம்மா, வந்து வரிசையில நில்லுங்க! அது ஒண்ணும் செய்யாது!"

"இன்னும் எம்புட்டு நேரம் பேசுவீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள் பாலம்மாள். பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமியின் மனைவி, ஊரறிந்த வாய்க்காரி.

"நீங்க எல்லாரும் வந்து பாக்குற வரைக்கும். விடிஞ்சாலும் சரி."

"வெளங்கிரும்!"

பெண்களுக்குள் எழுந்த சிரிப்பு பாதியிலேயே அடங்கியது. "சும்மா இருங்க மதினி, சிரிக்க வைக்காதீங்க," என்று ஒருத்தி கெஞ்சினாள்.

"அந்த லைட்டையாவது அணைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் பாலம்மாள்.

"நீங்க வந்து வரிசையில நின்னாத்தான் அணைப்பேன். வெளிச்சத்தக் கண்டா அவ்வளவு பயமா? தலைமுறை தலைமுறையா உங்கள இருட்டுக்குள்ள வச்சிருந்தாங்களே, அது பத்தலையா?"

"பத்தல."

நந்தகோபாலுக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் தீபலட்சுமியைக் கவனித்தார். பெருமாள்சாமியின் மருமகள், நிறைமாதம். மாமியாரின் தோளைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"நடுங்குதியேம்மா! இந்தா, ஒரு வாய் தண்ணி குடி."

தண்ணீரைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம்யா. மத்தியானத்துல இருந்தே குடிக்கல."

"விரதமா? வால்வெள்ளிக்கு விரதமா?" நந்தகோபால் பெருமாள்சாமியின் பக்கம் சீறினார். "தலைவரே, வயித்துப் பிள்ளைக்காரிய வாய் நனைக்காம நிறுத்தியிருக்காங்க. நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

"பொம்பளையளுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? பயந்து சாகுதாளுக. நீங்க பேசுங்க. காடு சும்மாதான கெடக்கு, எம்புட்டு நேரம்னாலும் இருக்கலாம்," என்றார் பெருமாள்சாமி, பாயில் சாய்ந்தபடி.

நந்தகோபால் மீண்டும் மைக்கைப் பற்றினார். "தாய்மார்களே! இந்த வால்வெள்ளி இனித் திரும்பி வர ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை இந்த வேலி ஓரத்திலேயே நிற்கப் போகிறீர்களா? அறியாமைக்கு ஓர் எல்லை இல்லையா?"

தீபலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பாலம்மாளின் பொறுமை அத்தோடு அற்றுப்போனது. விறுவிறுவென்று வந்து வெளிச்சத்தின் நடுவில் நின்றாள்.

"ஆரு பயந்தா அண்ணாச்சி? உங்க பேப்பர்ல போடுததுக்கு முந்தியே நாங்க அத இங்கனதான் பாத்தோம். 'அத்தே, எம்புட்டு அழகு பாருங்க'ன்னு மொதல்ல காட்டுனதே இந்தப் பிள்ளைதான்." கணவனின் பக்கம் கையை நீட்டினாள். "இந்தா சாஞ்சு கெடக்காரே எங்க வீட்டு மனுசன், மச்சு வீடு கட்டி, டிவிக்குன்னு வானத்தப் பாத்துக் குடைய நட்டு வச்சிருக்காரு. அவருக்கு நல்லாத் தெரியும். கேளுங்க, நாங்க எதுக்கு நிக்கோம்னு!"

பெருமாள்சாமி மண்ணைப் பார்த்தார்.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ச் செம்பை எடுத்து, தொலைநோக்கியின் அடியில் ணங்கென்று வைத்தாள் பாலம்மாள். "நீங்க கம்பம் நட்டிருக்கிற இந்தக் காடுதான் எங்க தெருப் பொம்பளையளுக்குக் கக்கூஸு. இருட்டுதான் அதுக்குக் கதவு. பகலெல்லாம் அடக்கிக்கிட்டுக் கெடந்தோம். கதவத் தெறந்து போட்டுட்டு, வானத்தப் பாரு, வானத்தப் பாருங்கீங்களே!"

நந்தகோபால் ஓடிப்போய் விளக்கை அணைத்தார்.

படித்து முடித்தவர்களே, இன்றிரவு நீங்களும் அண்ணாந்து பார்ப்பீர்கள். அதற்கு முன், உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருட்டைத் தவிர வேறு கதவு உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் கட்டுங்கள்: வால்வெள்ளி திரும்பி வரும்வரை அவர்களால் அடக்கிக்கொண்டிருக்க முடியாது!