கோணலாய் ஒட்டிய பட்டியல்

"இருபது வருஷமா ஒட்டுறீங்க. ஒரு பேப்பரை முழுசா ஒட்டத் தெரியலையா?"

அலுவலகக் கண்காணிப்பாளரின் குரல் கல்லூரி வராந்தா முழுக்கக் கேட்டது. அறிவிப்புப் பலகை முன்னால் உதவியாளர் பசை டப்பாவோடு தலைகுனிந்து நின்றார். எதை ஒட்டினாலும் கோணலாய் ஒட்டுவதால் சீனியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கோணல் அண்ணன்.

"பலகை சின்னது சார். பேப்பர் பெரிசு. ஓரத்துல கொஞ்சம் வெட்டிட்டேன்."

"நாளைக்குக் கதவு சின்னதுன்னு என் தலையையும் வெட்டுவீங்க. மெமோ குடுத்தாத்தான் சரிப்படும்."

கூட்டம் சிரித்தது. கண்காணிப்பாளர் உள்ளே போனார்.

முதலாண்டு மாணவி ஒருத்தி எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தாள். ஒட்டியிருந்தது சேர்க்கைப் பட்டியல். பெயர், மதிப்பெண், கடைசிக் கட்டத்தில் சாதிப் பிரிவு எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பயந்துதான் அவள் முன்னால் போகாமல் நின்றாள்.

மறைக்கிற எண்ணமில்லை. நன்றாகப் பழகிய பிறகு தன் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். பள்ளியிலும் இப்படித்தான் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்தில் உட்காருகிறவள் மறுநாளே, இங்கே காற்று வரவில்லை என்று வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"ஏய், உன் பேரு நாலாவதா இருக்குடி. இத்தனை மார்க்கை வச்சுக்கிட்டா பூனை மாதிரி இருந்தே?" புதுத் தோழி கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போனாள்.

பெயர் இருந்தது. மதிப்பெண் இருந்தது. அதோடு தாள் முடிந்துவிட்டது.

அப்பாடா என்றிருந்தது. உடனே உறுத்தவும் செய்தது. தனக்கு நல்லதாய்ப் போனதற்கு ஒரு மனுஷன் அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியிருக்கிறார். மெமோ வேறு.

'எங்களுக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது சார், அவரை விட்டுடுங்க.' மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்திருந்தது.

கண்காணிப்பாளர் மேசையில் குனிந்து அடுத்த துறையின் பட்டியலை விரித்திருந்தார். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, கடைசிக் கட்டத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"பிரிவோட ஒட்டணும்னு இந்த வருஷமும் உத்தரவு வந்திருக்கு. மேலிடத்துல கேட்டா, நான் முழுசாத்தான் குடுத்தேன், ஒட்டுற ஆளு சொதப்பிட்டாருன்னு எழுதிடறேன். உங்க பேருதான் கெடுது."

"கெட்டா கெடட்டும் சார்." கோணல் அண்ணன் பசையைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "கொஞ்சம் தள்ளி நின்னு திட்டுங்க, போதும். காது அடைக்குது."

அவள் வராந்தாவில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள்.