ஜெனில் சுத்தம் செய்த சர்வர்

"எலே ஜெனிலே, உள்ள வா மக்கா. எல்லாரும் ஒனக்காக்கும் காத்து நிக்கது!"

மருந்துக்கடைப் பொறுப்பாளர் பொன்னுதாஸ் கையைப் பிடித்து இழுத்ததும் ஜெனில் மிரண்டான். பாறசாலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். யாராவது அவனைத் தேடினால் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம்.

கேன்டீனில் ஊழியர்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் கேக். பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், ஜோஸ்மி சிஸ்டர் பொழியூரிலிருந்து கொண்டுவந்த மீன்கறியும்.

ஜெனிலுக்கு விளங்கிவிட்டது. நேற்று அவன் செய்த வேலைதான்! ஆஸ்பத்திரியின் யுனிக்ஸ் சர்வரில் 'ஸ்டாஃப்' என்று ஒரு பெரிய குரூப். வேலையை விட்டவர்கள், துபாய்க்குப் போனவர்கள் எல்லாரும் இன்னும் அதிலேயே இருந்தார்கள். நோயாளிகளின் ரிப்போர்ட்டை அங்கிருந்தே திறந்து பார்க்கலாம். ஒரு வருஷமாக லாகின் செய்யாத அத்தனை பேரையும் ஒரே கட்டளையில் நீக்கிவிட்டான்.

'இப்போதாவது மதித்தார்களே!' அவன் கண் கலங்கியது.

"ஒன்ன மாதிரி ஒரு ஆளு இனி கிட்டாது, கேட்டியா" என்றார் பொன்னுதாஸ்.

"எத்தன மட்டம் ஏசியிருக்கேன் ஜெனிலண்ணா, மனசுல வைக்காதீங்க" என்று ஜோஸ்மி மூக்கைச் சிந்தினாள்.

சூப்பிரண்டு ஸ்ரீகுமாரி பொன்னாடை போர்த்தினார். ஜெனில் தொண்டையைச் செருமினான்.

"இது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. உள்ளதச் சொன்னா, எப்பவோ செய்ய வேண்டியதாக்கும். நான்தான் மடி பிடிச்சுப் பிந்திட்டேன்."

"அப்பிடிச் சொல்லாத மக்கா" என்று பொன்னுதாஸ் கண்ணைத் துடைத்தார்.

"அது போட்டும். புதிய ஜோலி எங்க?" என்று கேட்டார் ஸ்ரீகுமாரி.

"எந்த ஜோலி மேடம்?"

அவர் தன் போனை நீட்டினார். குரூப்பிலிருந்து பேர் நீங்கியதும் நேற்று சர்வர் தானாகவே எல்லாருக்கும் அனுப்பிய மெயில்: 'ஜெனில் இனி இங்கு பணியில் இல்லை.'

ஜெனில் பொன்னாடையோடு நாற்காலியில் சரிந்தான்.

"நான் எப்பளும் அட்மின் கணக்குலயாக்கும் மேடம், ராஜா மாதிரி இருந்தது. சொந்தப் பேருல ஒரு நாளும் லாகின் செய்ததே இல்ல!"