பெறுநர்

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்று என் மனைவி பேனாவை என் கையில் திணித்தாள்.

மறதி நோய் கிளினிக்கின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் பார்த்து முடித்தாயிற்று. மருந்துச் சீட்டு என் சட்டைப்பையில். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் அவள் நர்ஸிடம் போய் ஒரு தாளும் உறையும் கேட்டு வாங்கிவிட்டாள். விலாசம் எழுதிக் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவதாக நர்ஸும் சொல்லியிருந்தாள்.

யாருக்குக் கடிதம் என்று கேட்டேன்.

"இந்த கிளினிக்க இங்க கொண்டுவந்தாங்கல்ல, அவங்களுக்கு."

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். முப்பது வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியனாக ஒயரைப் பிடித்த கை. எங்கள் வீட்டில் எழுத்து வேலையெல்லாம் அவளுடையதுதான். இரண்டு வருஷமாகத்தான் எழுத்துகள் அவளிடம் முரண்டு பிடிக்கின்றன.

'ஐயா' என்று தொடங்கினேன். எட்டிப் பார்த்தாள்.

"அம்மான்னு போடுங்க. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் தோணாது."

எதிர் பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் தன் அண்ணனோடு வந்திருந்தார். தம்பியைக் காட்டத்தான் தான் வந்திருப்பதாக அண்ணனுக்கு நினைப்பு. "தம்பிக்குக் கொஞ்சம் மறதி" என்று எங்களிடம் நான்காவது முறையாகச் சொன்னார். தம்பி நான்காவது முறையாகத் தலையாட்டினார்.

காலையில் அந்த டிரைவர் சொன்னதைத்தான் அவள் கடிதத்தில் எழுதச் சொன்னாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கிளினிக் தலைநகரில் மட்டும்தான். இரண்டு பஸ் மாறி, லாட்ஜில் தங்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். அவருடைய அம்மாவுக்குத் தேதி கிடைத்த வாரம், அந்த அம்மா பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டாராம்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இரண்டு அறை. புதன்கிழமை காலையில் டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கிவிடுகிறார். மற்ற நாட்களில் வேறு ஊர்கள். மாநிலம் முழுக்க இப்படிப் பதினான்கு ஊர்களாம். எங்களுக்குப் பத்தொன்பதாம் நாளே தேதி கிடைத்தது.

சீக்கிரம் வந்ததால் பிழைத்தோம் என்று டாக்டர் சொல்லவில்லை. அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவள் இன்னும் தானே தலை வாரிக்கொள்கிறாள், கடைத்தெருவுக்கு என்னோடு வருகிறாள், எனக்குக் காய் வாங்கத் தெரியவில்லை என்று சண்டை போடுகிறாள். இதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த நாட்கள்.

"பஸ் வாசல்லயே நிக்குதுன்னு எழுதுங்க. பாத்ரூம் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்காங்கல்ல, அதையும் எழுதுங்க. யாரையும் கேட்டு அசிங்கப்பட வேண்டியதில்ல."

எழுதினேன்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க நல்லா இருக்கணும். உங்க வீட்டுக்காரங்களும் நல்லா இருக்கணும். வீட்டு ஆளுங்க ஒத்தாசையா இல்லாம இவ்வளவு பெரிய வேலைய ஒருத்தரால செய்ய முடியாது."

என் பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

மை சரியாக இறங்கவில்லை என்றேன்.

கையெழுத்தை அவளே போட்டாள். ரொம்ப நேரம் பிடித்தது. நான் தாளை மடித்து உறைக்குள் வைத்தேன். மேலே 'பெறுநர்: திட்ட அலுவலர்' என்று எழுதி, அதன் கீழே எங்கள் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். பிறகு எங்கள் தெரு.

சுகாதாரத் துறையில் அந்த நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். சாப்பாட்டு மேஜை முழுக்க மாநில வரைபடத்தை விரித்து வைத்திருப்பாள். எந்த ஊருக்கு எத்தனை பஸ் வருகிறது, எந்த ஊரிலிருந்து பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடியும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பாள். தட்டு வைக்க இடமில்லை என்று நான் அதைச் சுருட்டி மூலையில் எறிந்திருக்கிறேன்.

மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. நான்காம் முறை ஒப்புதல் கிடைத்த அன்று இனிப்பு வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்காமலே தின்றேன்.

முதல் தடவை இங்கே வந்தபோதே அவளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அழுதுவிட்டாள். அதன் பிறகு சொல்லவில்லை.

அவள் உறையை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இது நம்ம தெருதானே?"

"ஆமா. அவங்க அங்கதான் இருக்காங்க."

"இவ்வளவு பக்கத்துலயா? அப்ப தபால் எதுக்கு? நேர்லயே போய்ச் சொல்லிடலாம், வாங்க."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன்.

"போலாம்" என்றேன். "எனக்கும் அவங்ககிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."