வெள்ளரி ஊறுகாய்

"ஊறுகாய் எங்கே? இன்னும் எத்தனை தடவை கேட்கிறது?"

ரேடியோவில் கத்தினான் யோஸ்ட். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு ஊறுகாய் எதற்கு என்று டிவி வர்ணனையாளர் திகைத்துப்போனார்.

பெர்லின் பழைய விமான நிலையத்தில் மின்சாரக் கார் பந்தயம். வருஷத்தின் கடைசிப் போட்டி, கடைசி இரண்டு சுற்று. முதலில் டுவார்ட்டே. அவனை ஒட்டியே, அதே அணியின் யோஸ்ட். மூன்றாவது ஒரு சிவப்புக் கார், வேறு அணி.

யோஸ்ட் போன பந்தயத்திலேயே சாம்பியன் ஆகிவிட்டவன். இந்த வருஷம் ஒன்பது வெற்றி. இன்று ஜெயித்தால் பத்து, சாதனை. டுவார்ட்டேவுக்கோ எட்டு வருஷமாக ஒரு வெற்றிகூடக் கிடையாது. இன்றும் இல்லையென்றால் அடுத்த வருஷம் அணியில் இடமில்லை என்று முதலாளி ஹோல்ட்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த ஹோல்ட்ஸ் இப்போது என்ஜினீயர் வீப்கேயின் தலைக்கு மேல் நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

"யோஸ்ட் இவ்வளவு கத்துறானே, காதுல விழலையா? டுவார்ட்டேயை வழி விடச் சொல்லு!"

"நேராவே சொல்லிடவா சார்?"

"அறிவிருக்கா? ஊரே கேட்கும். நம்ம மானம் போயிடும். சங்கேத வார்த்தையில சொல்லு!"

பந்தயத்தில் எந்த அணி பேசினாலும் எல்லா அணியும் ஒட்டுக்கேட்கும். அதனால் தினமும் காலைச் சாப்பாட்டு மேஜையில் புதுசாகச் சங்கேத வார்த்தைகள் எழுதுவார்கள். ஹோல்ட்ஸ் அந்தப் பக்கமே வருவதில்லை. அவர் பெரிய மனிதர்களோடு ஹோட்டலில் முட்டை சாப்பிடுவார். எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. கேட்பது கௌரவக் குறைச்சல்.

வீப்கே பொத்தானை அழுத்தினாள். "டுவார்ட்டே, வெள்ளரி ஊறுகாய்."

"புரிஞ்சுது" என்றான் டுவார்ட்டே. அவன் கார் இன்னும் வேகமெடுத்தது.

"என்னம்மா இவன், வழி விடச் சொன்னா பறக்கிறான்?"

"திரும்பச் சொல்றேன் சார். டுவார்ட்டே, வெள்ளரி ஊறுகாய்! வெள்ளரி ஊறுகாய்!"

கார் இன்னும் பறந்தது.

ஹோல்ட்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடி போறவன்தானே காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்? அவன் பேட்டரியில மூணு சதவீதம்தான் இருக்கு. யோஸ்ட்கிட்ட ஆறு இருக்கு. பாரு, இடம் கிடைக்காம எப்படித் தவிக்கிறான்!"

உண்மைதான். திரையில் யோஸ்டின் கார் இடது பக்கம் ஒதுங்கியது, வலது பக்கம் பாய்ந்தது. பின்னால் வந்த சிவப்புக் காரும் அதே போல ஒதுங்கிப் பாய்ந்து பார்த்தது. ஒருத்தருக்கும் இடைவெளி கிடைக்கவில்லை.

"ஊறுகாயைக் கொடுத்தீங்களா இல்லையா?" என்று மறுபடி கத்தினான் யோஸ்ட்.

"பாவம்டா நீ" என்றார் ஹோல்ட்ஸ், உருகிப்போய்.

டுவார்ட்டே எல்லைக் கோட்டைத் தாண்டினான். ஐம்பது மீட்டர் தள்ளிக் கார் அப்படியே நின்றுவிட்டது. பேட்டரியில் பூஜ்யம்.

ஹோல்ட்ஸின் முகம் கடுத்தது. டிவி கேமரா அவர் பக்கம் திரும்பியது. முகம் மலர்ந்தது.

"டுவார்ட்டே மேல எனக்கு எப்பவுமே நம்பிக்கை உண்டு. அடுத்த வருஷமும் அவன்தான் எங்க டிரைவர்!"

சாதனைக்காக வரவழைத்த கேக்கில் பெரிதாக '10' என்று எழுதியிருந்தது. அவரே கத்தியால் பூஜ்யத்தை வழித்துவிட்டு, டுவார்ட்டேவுக்கு முதல் துண்டை ஊட்டினார்.

யோஸ்ட் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டான்.

ஆரவாரம் அடங்கியதும் டுவார்ட்டே, கோப்பையும் ஈரக் கண்ணுமாக வீப்கேயிடம் வந்தான்.

"நான்தான் பயத்துல காலையில சாப்பிடவே வரலையே. நீ கார்கிட்ட வந்து படிச்சுக் காட்டினப்போ, 'வழி விடாதே'ன்னு சொல்றதுக்கெல்லாம் ஒரு வார்த்தையான்னு சிரிச்சேன். முதலாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அதைச் சொன்னியே! வேலை போயிருந்தா? சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் வீப்கே."

"அதை விடு."

"ஆனா அந்த யோஸ்ட் இருக்கானே, சரியான அல்பம்! கண்ணாடியில பார்த்துக்கிட்டேதானே வந்தேன். இந்தப் பக்கம் நுழையறான், அந்தப் பக்கம் நுழையறான். ஒன்பது ஜெயிச்சவனுக்கு ஒண்ணே ஒண்ணு விட்டுக் கொடுக்க மனசு வரலை பாரு. கை கொடுக்கக்கூட நிக்கலை!"

வீப்கே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். காலையில் எழுதிய பட்டியல். ஓரத்தில் ஜாம் கறை.

கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது. கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்து அணியில் ஒருத்தனுக்குத்தான் உண்டு.

'டுவார்ட்டே முன்னால் இருந்தால், வெள்ளரி ஊறுகாய் = வழி விடாதே. நீங்கள் மறந்தாலும் நான் கத்தி ஞாபகப்படுத்துவேன். பின்னால் வருகிறவனை நான் முந்தவிடாமல் மறித்துக்கொள்கிறேன். இது என் வேலை என்று டுவார்ட்டேயிடம் சொல்லிவிடாதீர்கள், அழுதே தோற்றுவிடுவான். – யோஸ்ட்.'