ஆயுத பூஜைக்கு மறுநாள்

மழைக்கு முன் உப்புக் குவியலை மூடிவிடலாம் என்று விடியும் முன்பே சைக்கிளில் உப்பளத்துக்குக் கிளம்பிய இருசப்பனைப் பின்னால் வந்த கார் அடித்துப் போட்டது. உயிர் அங்கேயே போய்விட்டது.

இன்று கோர்ட்டில் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் சாட்சிக் கூண்டில் நின்றாள்.

"இருட்டுல சைக்கிளே தெரியலைன்றாரும்மா இவரு. பின்னாடி எதுவுமே மின்னலையாம்," என்றார் கார்க்காரனின் வக்கீல்.

அவள் கார்க்காரனை முறைத்தாள். ஆளையும் கொன்றுவிட்டுப் பழியையும் செத்தவர் தலையிலேயே போடுகிறானே, பாவி.

"பொய்யிங்க. செவப்பு ரிப்ளக்டர் இருந்துது. முந்தின நாள்தான் என் கையால சைக்கிளக் கழுவித் தொடைச்சேன்."

போலீஸ் ஸ்டேஷன் கொட்டகையில் கிடந்த சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இதானாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றார் அரசு வக்கீல்.

குனிந்து பார்த்தாள். ரிப்ளக்டர் உடையாமல்தான் இருந்தது. சிவப்புதான் தெரியவில்லை.

மனுஷனை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கணும் என்று வேண்டிக்கொண்டு, ஆயுத பூஜையன்று அவள் வழித்துப் பூசிய சந்தனம் அதன்மேல் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில், அவள் விரல் அழுந்திய குங்குமப் பொட்டு.