தகட்டில் தாடி

வெள்ளைக்காரர் ஊரான பிளேஸ்டோவில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் செபமாலைமுத்துவுக்கு வேலை. படத்தை ஸ்கேன் பண்ணினால் கொம்பியூட்டர் அதைக் கோடாக மாற்றும். அந்தக் கோட்டின் வழியே பிளாஸ்மா நெருப்பு தகட்டை வெட்டும்.

தொண்ணூற்றாறில் பெர்னடெற் வந்தாள். மன்னாரில் காணாமற்போன கணவனுக்கு ஆன்ம சாந்திப் பூசை கொடுக்க ஒருவாறு மனதைத் தேற்றியிருந்தாள். பூசைக்கு அவன் முகம் இரும்பில் வேண்டும் என்றாள். கொண்டுவந்தது கலியாணப் படம், தாடி வழித்த முகம். அது கோடாக மாறியபோது தாடி இருந்தது, பிள்ளைகளே. திரும்பத் திரும்ப மாற்றியும் தாடி போகவில்லை. அப்படியே வெட்டிக் கொடுத்தான்.

அவள் தகட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இது அவரின்ரை இப்பத்தைய முகம் அண்ணை. பூசை வேண்டாம்."

அடுத்த வருஷமும் அதே படத்தோடு வந்தாள்.

"இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு பாப்பம்."

திரையில் சட்டைக் கொலரின் கோடு மட்டும் வந்தது. கொலருக்கு மேலே ஒன்றுமில்லை.

"கொஞ்ச நேரம் செல்லும் தங்கச்சி, ரீ குடிச்சிட்டு வாங்கோ" என்றான் செபமாலைமுத்து. அவள் வெளியே போனதும் பழைய கோட்டை எடுத்து, தாடியைத் தன் கையால் சற்று நீட்டி வரைந்து வெட்டினான்.

திரும்பி வந்தவள் சூடு ஆறாத தகட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனார் அண்ணை" என்றாள். "சாப்பாடு இல்லைப்போல."